தோலும் புரதமே, துவரையும் புரதமே

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால், கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது தோல் தொழிலே. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இவ்வூர்கள் வெவ்வேறு மாவட்டங்களில் அமைந்துவிட்டன. ஆயினும் தொழில் இவற்றை இன்றும் ஒரு குடும்பமாகவே கட்டி வைத்திருக்கிறது. இப்பக்கத்துக் கல்லூரியொன்றில் பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். நாள்தோறும் நாம் உண்ணும் உணவில் புரதத்தைத் தேர்ந்துகொள்வது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். உணவைப் பற்றிப் பேச வந்தவன் தோலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டானே என்று நீங்கள் எண்ணலாம். காரணம் இல்லாமல் இல்லை. தோலும் ஒரு புரதமே.

உரித்தெடுத்த தோலை அப்படியே போட்டுவிட்டால் விரைவில் அழுகிவிடும். அதனால்தான் அதனை உப்பிட்டு வைக்கிறார்கள். நம் பக்கத்தார் தோல் ஷாப்பு என்று சொல்லும் பதனிடும் சாலைக்கு வந்ததும், அதனை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பில் இட்டு, மயிரையும் ஒட்டிக்கொண்டிருக்கும் சதையையும் நீக்குகிறார்கள். எஞ்சி நிற்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். முன்னாளில் ஆவாரம்பட்டை முதலிய பட்டைகளின் சாற்றிலும், பின்னர் பெரும்பாலும் குரோமிய உப்பிலும் அதனை ஊறவைத்துப் பதனிட்டார்கள். அப்போது கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புக்கள் ஏற்படுகின்றன. அழுகும் பொருள் அழுகாப் பொருளாகிறது. பதனிடாத தோலையோ எலும்பையோ நீரில் நெடுநேரம் காய்ச்சினால், அதே கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்தி வந்த வச்சிரம் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தூய்மையாகச் செய்த ஜெலட்டினை மருந்துக் கூடுகளிலும் சிலவகை மிட்டாய்களிலும் சேர்க்கிறார்கள்.

இனி ஒரு கேள்வி. ஜெலட்டின் புரதமாயின், அதனையே உண்டு உயிர் வாழ முடியுமா? இஃது ஏட்டுக் கேள்வி அன்று. பாரிஸ் நகரத்து ஏழைகளின் வயிற்றோடு சம்பந்தப்பட்ட கேள்வியாக ஒரு காலத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எலும்புகளிலிருந்து ஜெலட்டினைப் பிரித்தெடுத்து, அந்தச் சாற்றை இறைச்சிச் சாற்றுக்குப் பதிலாக மருத்துவமனைகளிலும் ஏழையர் விடுதிகளிலும் அங்கே வழங்கினார்கள். வீணாகும் எலும்பு உணவாகிறது, செலவும் மிகக் குறைவு என்று பலர் மகிழ்ந்தனர். வேறு சிலருக்கு ஐயம் பிறந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகம் மஜாந்தி என்னும் உடலியல் அறிஞரைத் தலைவராகக் கொண்டு ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தது. நாய்களுக்கு ஜெலட்டினைக் கொடுத்துப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்த அக்குழு, 1841ஆம் ஆண்டில் தன் முடிவைத் தெரிவித்தது. ஜெலட்டினை மட்டுமே உண்டு உயிர் தரிக்க இயலாது என்பதே அம்முடிவு. வயிறு நிறைந்தது. உடலோ தேயலாயிற்று.

ஏன் என்பதற்கு அன்று விடை இல்லை. இன்று உண்டு. புரதம் என்பது ஒரே பொருள் அன்று. அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் சங்கிலிபோல் கோத்து அமைந்தது அது. நம் உடற்புரதங்களில் பொதுவாகக் காணப்படும் அமினோ அமிலங்கள் இருபது. அவற்றுள் ஒன்பதை உடல் தானே செய்துகொள்ள மாட்டாது. உணவின் வாயிலாகவே அவை வந்து சேர வேண்டும். ஆதலின் அவற்றை இன்றியமையாத அமினோ அமிலங்கள் என்கிறோம்.

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெட்டியில் மற்ற எழுத்தெல்லாம் கூடை கூடையாக இருக்கின்றன. "க" என்னும் எழுத்து மட்டும் ஒன்றுகூட இல்லை. அவர் எவ்வளவு திறமைசாலியானாலும் கல்வி என்ற சொல்லையோ கடமை என்ற சொல்லையோ கோக்க முடியுமா? மற்ற எழுத்துக்கள் மிகுந்திருப்பதால் பயன் என்ன? நம் உடலின் உயிரணுக்களும் அவ்வாறே ஓயாமல் எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கின்றன. கொலாஜனில் டிரிப்டோபேன் என்னும் இன்றியமையாத எழுத்து அறவே இல்லை. 1901ஆம் ஆண்டில் ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் தம் துணைவர் ஒருவருடன் அந்த டிரிப்டோபேனைத் தனியே பிரித்தெடுத்தார். மக்காச்சோளத்தில் உள்ள ஸீன் என்னும் புரதத்திலும் அது கிட்டத்தட்ட இல்லை. ஸீனை மட்டும் புரதமாக உண்ட எலிகள் விரைவில் மடிந்தன என்பதையும், டிரிப்டோபேனைச் சேர்த்துக் கொடுத்தபோது அவை கூடுதலான நாள் உயிர் வாழ்ந்தன என்பதையும் 1906ஆம் ஆண்டில் அவர் காட்டினார். பாரிஸ் ஏழைகளின் கிண்ணத்தில் இருந்த குறை என்ன என்பது இவ்வாறு விளங்கிற்று.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? சரும அழகுக்கென்றும் மூட்டு வலுவுக்கென்றும் கொலாஜன் தூளை அழகிய புட்டிகளில் அடைத்து இன்று விற்கிறார்கள். அதில் இத்தனை கிராம் புரதம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் பொய்யன்று. எனினும், உடலை வளர்க்கும் புரதம் என்ற கணக்கில் அது மஜாந்தி சோதித்த அதே சாற்றின் உறவினரே. புரதம் என்ற பெயரைக் கண்டு மயங்காமல், எத்தகைய புரதம் என்று கேட்கப் பழக வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

வகுப்பில் ஒரு மாணவி என்னை ஒருமுறை கேட்டாள். "ஐயா, எங்கள் அண்ணன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார். மாதந்தோறும் புரதமாவு டப்பா ஒன்று வாங்கி வருகிறார். வீட்டில் பாதிச் சம்பளம் அதற்கே போகிறது என்று அம்மா வருந்துகிறாள். அது இல்லாமல் உடம்பு தேறாதா?" நல்ல கேள்வி. பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதமாவு தரம் குறைந்ததன்று. பாலில் உள்ள அதே நற்புரதந்தான் அது. ஆனால் டப்பாவுக்குள் இருப்பதனால் அதற்குத் தனிச் சக்தி எதுவும் வந்துவிடுவதில்லை. நான் அம்மாணவிக்கு ஒரு கணக்குச் சொன்னேன். ஒரு பொருளின் விலையை, அதில் அடங்கிய புரதத்தின் கிராமால் வகுத்துப் பார். பருப்பு, கடலை, முட்டை, பால், டப்பா மாவு ஆகிய ஐந்துக்கும் இவ்வாறு கணக்கிட்டு, அண்ணனிடமே காட்டு என்றேன். நீங்களும் உங்கள் ஊர்க் கடை விலையை வைத்து இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அதற்கு வேண்டிய எண்களைச் சொல்கிறேன். சமைக்காத நிலையில் 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 முதல் 8 கிராம் புரதம் உண்டு. கேழ்வரகிலும் சுமார் 7 கிராம்தான். கம்பில் சுமார் 11 கிராம். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, கொள்ளு ஆகியவற்றில் 21 முதல் 22 கிராம். பச்சைப்பயறும் வேர்க்கடலையும் 24 கிராமுக்கு அருகில் நிற்கின்றன. சோயாவில் 35 கிராமுக்கு மேல். மீல் மேக்கர் என்ற பெயரில் விற்கும் சோயா உருண்டைகளில் ஏறத்தாழப் பாதி புரதமே. முட்டை ஒன்றில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லிலிட்டரில், சுமார் 6 கிராம். மீனிலும் இறைச்சியிலும் 100 கிராமுக்கு 18 முதல் 22 கிராம் வரை.

எண்ணிக்கை ஒருபுறம் இருக்க, தரம் என்ன? முட்டை, பால், மீன், இறைச்சி ஆகியவற்றில் ஒன்பது எழுத்துக்களும் வேண்டிய அளவில் உள்ளன. சோயாவும் அவற்றை நெருங்கி வருகிறது. அரிசி முதலிய தானியங்களில் லைசின் என்னும் எழுத்துக் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் நிறைய உண்டு, மெத்தியோனின் என்பது குறைவு. தானியத்திலோ மெத்தியோனினுக்குப் பஞ்சமில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. நம் முன்னோர் அமினோ அமிலத்தின் பெயரை அறியாதவர்கள். ஆயினும் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று இட்டலிக்கு அளவு வகுத்தார்கள். அரிசியோடு பாசிப்பருப்பைச் சேர்த்துப் பொங்கல் பொங்கினார்கள். பருப்புக்களைக் கூட்டி அரைத்து அடை வார்த்தார்கள். மூன்று அல்லது நான்கு பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று இன்றைய உணவியலார் சொல்லும் கணக்கு, நம் ஆட்டுக்கல்லில் அரைபட்ட பழைய கணக்கிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அன்றைய நாளுக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் போதும்.

அங்ஙனமாயின் நம் உணவில் குறை எங்கே வந்தது? நீலகிரியில் உள்ள குன்னூரில் மெக்காரிசன் என்பவர் 1920களில் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனிக் கூட்டத்து எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியையே நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை எல்லாவற்றினும் பின்தங்கி நின்றன. இதில் புரதம் மட்டும் காரணம் அன்று. உயிர்ச்சத்துக்களும் தாது உப்புக்களும் குறைந்திருந்தன. ஆயினும் பாடம் தெளிவானது. அரிசியின் மீது குற்றம் இல்லை. அரிசிக்குத் துணையாக வர வேண்டியவை வராமற் போனதே குற்றம்.

இன்றும் பல வீடுகளில் நிகழ்வது இதுவே. சாம்பாரில் பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. மேலே உள்ள நீர் கடைசியில் உண்பவருக்கு வருகிறது. கடைசியில் உண்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுத் தாயே. நம் பக்கத்தில் காலணித் தொழிற்சாலைகளில் மேற்பகுதி தைக்கும் வேலைக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, வண்டி வந்துவிடுமே என்ற அவசரத்தில் ஒரு வாய்த் தேநீரோடு புறப்பட்டுவிடும் சகோதரிகள் அவர்களுள் பலர். நண்பகலில் எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ அவர்களுக்குத் துணை. பசி அடங்குகிறது. உடலின் அச்சுக்கோப்பவருக்கோ எழுத்துக் குறைகிறது.

எவ்வளவு புரதம் வேண்டும் என்பதையும் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்தவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் நல்ல தரமுள்ள புரதம் போதும். தானியத்தையே பெரிதும் நம்பி உண்பவர் 1 கிராம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வளரும் பிராயத்தாருக்குத் தனிக் கணக்கு. 13 முதல் 15 வயதுள்ள மாணவனுக்கு 45 கிராம், மாணவிக்கு 43 கிராம். அதற்கு மேல் 18 வயது வரையில் மாணவனுக்கு 55, மாணவிக்கு 46.

மூன்று வேளையும் சோறும் நீர்த்த குழம்பும் என்று வைத்துக்கொண்டால், 400 கிராம் அரிசி உண்டாலும் 30 கிராம் புரதமே சேரும். அதிலும் லைசின் குறைவு. இனி, அதே வீட்டுச் சமையலைச் சிறிது மாற்றிப் பாருங்கள். காலையில் நான்கு இட்டலி, 8 கிராம். ஒரு பிடி வேர்க்கடலை அரைத்த சட்டினி, 3 கிராமுக்குச் சற்று மேல். நண்பகலில் 150 கிராம் அரிசிச் சோறு, 11 கிராம். 30 கிராம் துவரம்பருப்பு இட்ட கெட்டிச் சாம்பார், 6 கிராமுக்கு மேல். ஒரு முட்டை, 6 கிராம். மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், 6 கிராம். இரவில் 100 கிராம் கேழ்வரகு மாவில் செய்த அடையோ களியோ, 7 கிராம். ஒரு சிறு கிண்ணம் தயிர், 3 கிராம். மொத்தம் 50 கிராமைத் தாண்டிவிடுகிறது. முட்டை உண்ணாதவர் அதற்கு ஈடாக ஒரு தம்ளர் பாலோ மற்றொரு பங்கு சுண்டலோ சேர்த்துக்கொள்ளலாம். இதில் கிடைத்தற்கரிய பொருள் எது?

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். புரதத்தைப் பெருக்குவோம் என்று சோற்றின் அளவை மிகவும் குறைத்துவிடலாகாது. 1968ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையே, உலகில் புரதப் பஞ்சம் வரப்போகிறது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கும் புரதம், புரதம் என்ற பேச்சாக இருந்தது. அப்போது மாறுபட்டுச் சிந்தித்தவர்களுள் ஒருவர் நம் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். ஊட்டக்குறைவால் உடல் வீங்கிய குழந்தைகளையும் எலும்பும் தோலுமாய் மெலிந்த குழந்தைகளையும் ஆராய்ந்த அவர், அவ்விரு வகையினரும் உண்ட உணவில் புரத அளவைப் பொறுத்த வேறுபாடு இல்லை என்று கண்டார். பெரும்பாலான ஏழைக் குழந்தைகளுக்கு முதற்குறை உணவின் மொத்த அளவிலேயே இருந்தது. அடுப்பெரிக்க விறகு இல்லாதவன் வீட்டுக் கதவையே பிளந்து எரிப்பதுபோல, வேண்டிய ஆற்றல் கிடைக்காதபோது உடல் புரதத்தையே எரித்துவிடுகிறது. பட்டினி கிடப்பவன் விழுங்கும் புரதமாவு இவ்வாறு விறகாகவே போகும். ஆகவே வயிறார உண்பதும், உண்பதில் பலவகை இருப்பதும் இணைந்தே செல்ல வேண்டும்.

ஆம்பூரைச் சொல்லிவிட்டுப் பிரியாணியைச் சொல்லாமல் விடலாமா? சீரகச் சம்பா அரிசியும் இறைச்சியும் சேர்ந்த அந்த உணவில் நற்புரதம் நிறைய உண்டு. ஆட்டிறைச்சியானாலும் மாட்டிறைச்சியானாலும் கோழியானாலும் புரதத்தின் தரத்தில் பெரிய வேற்றுமை இல்லை. விலை ஏறுவதனால் அமினோ அமிலம் ஏறுவதில்லை. அவரவர் வீட்டு வழக்கப்படியும் கைப்பொருளின்படியும் தேர்ந்துகொள்ளலாம். கொழுப்பு மிகுந்த துண்டுகளைக் குறைத்துக்கொள்வது நலம். ஞாயிற்றுக்கிழமை ஒரே வேளையில் நிறைய உண்டு, மற்ற ஆறு நாளும் வெறுஞ்சோற்றோடு காலம் தள்ளுவது சரியான முறை அன்று. கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோல் புரதத்தைச் சேமித்து வைக்க உடலில் தனிக் களஞ்சியம் இல்லை. நாள்தோறும் சிறிது, வேளைதோறும் சிறிது என்பதே முறை.

இன்னும் சில குறிப்புக்கள். பச்சை முட்டையை உடைத்துக் குடித்தால் வலிமை பெருகும் என்று இளைஞர் சிலர் நம்புகிறார்கள். உண்மையில் வேகவைத்த முட்டையின் புரதமே நன்றாகச் செரிக்கிறது. நோய்க்கிருமியின் அச்சமும் அதில் குறைவு. பயறு வகைகளில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள. ஊறவைத்து, நன்றாக வேகவைத்தால் அவை பெரும்பாலும் அழிந்துவிடும். நம் வட்டாரத்து வேர்க்கடலை அருமையான உணவு. ஆனால் பூசணம் பிடித்ததும் நிறம் மாறியதும் சுருங்கியதும் ஆகாது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டபோது, அவற்றின் தீனியில் இருந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்த நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர். வறுப்பதனால் அது முற்றும் போகாது. கருவாடு உண்பவர்கள் நன்கு கழுவி உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் தனி மனிதர் செய்யக்கூடியவை. சமுதாயம் செய்ததும் ஒன்று உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 1989ஆம் ஆண்டில், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, அதில் முட்டை சேர்ந்தது. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். 2022ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. எண்ணிப் பாருங்கள். சோறு, பருப்பு, பயறு, முட்டை என்ற அந்தத் தட்டில், ஒரு குழந்தையின் உடல் கேட்கும் ஒன்பது எழுத்துக்களும் வந்து அமர்ந்திருக்கின்றன. தட்டில் விழுந்த முட்டையைக் கேலிக்கு அஞ்சி ஒதுக்கும் மாணவன், தன் எழுத்துப் பெட்டியிலிருந்து ஒரு பிடியை அள்ளி எறிகிறான்.

மாணவ நண்பர்களே, நீங்கள் செய்ய வேண்டியது பெரிதன்று. இன்றிரவு உங்கள் வீட்டில் பருப்பு வைக்கும் பாத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு பிடி வீதம் ஒரு நாளைக்கு வேகிறதா என்று கேளுங்கள். சாம்பாரை அடிவரையில் கலக்கிப் பரிமாறுங்கள். முதற்கரண்டி உங்களுக்கு வருமானால், கடைசியாக உண்பவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். தங்கைக்கும் தம்பிக்கும் சுண்டல் ஒரே அளவில் போகட்டும். விடியலில் வேலைக்குப் புறப்படும் தாயின் கைப்பையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலையோ வேகவைத்த முட்டை ஒன்றோ வைத்துவிடுங்கள். வேதியியல் படித்ததன் பயன் அந்தப் பொட்டலத்தில் இருக்கும்.